‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்கிறார் கணவர்: பலத்த தலைக்காயத்துக்குப் பிறகு வீட்டில் என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு, அறுவை சிகிச்சை நடந்து, பன்னிரண்டு நாட்கள் நினைவில்லாமல் இருந்தார். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஸ்கேன் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் தானாக எதையும் செய்வதில்லை. எதையாவது சொன்னால் கோபம் வந்து பொருட்களை வீசுகிறார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வண்டிச் சாவியைக் கேட்கிறார். அவர் நடிப்பதாகவும், நான்தான் இடம் கொடுத்துக் கெடுப்பதாகவும் உறவினர்கள் சொல்கிறார்கள். மருத்துவமனையில் பழக்கமான ஒருவர், ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறு மாதத்தில் பழைய ஆளாகிவிடுவார் என்று வற்புறுத்துகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்த ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் மேற்கொண்டு ஒரு காசும் கொடுக்காதீர்கள். தலைக்காயத்தால் சேதமடைந்த மூளையை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசி பழைய நிலைக்குக் கொண்டுவரும் என்பதற்கு இதுவரை நம்பத்தக்க சான்று இல்லை. ஆய்வுகள் நடக்கின்றன என்பது உண்மைதான்; ஆனால் முறையான ஆய்வில் சேரும் நோயாளியிடம் பொதுவாகச் சிகிச்சைக் கட்டணம் கேட்கமாட்டார்கள். உங்களிடம் பெரிய தொகை கேட்கிறார்கள் என்றால் அங்கே நடப்பது வியாபாரம். இந்த ஆட்கள் ஏன் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பலத்த தலைக்காயத்தில் முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாகவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும்கூட மெதுவாகவும் நடந்துகொண்டே இருக்கும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வரவேண்டிய முன்னேற்றம் வரும்; பெயர் ஊசிக்குப் போகும், உங்கள் சேமிப்பும் அதனோடு போகும்.

இதே எச்சரிக்கை, மூளைக்கு ஊட்டம் தரும் என்று சொல்லி மாதக்கணக்கில் எழுதிக் கொடுக்கப்படும் மாத்திரைகளுக்கும் பொருந்தும். அவற்றில் அதிகம் புழங்கும் சிட்டிகோலினை 1,213 தலைக்காய நோயாளிகளிடம் தொண்ணூறு நாட்கள் கொடுத்துச் சோதித்தார்கள்; 2012-இல் வெளியான முடிவின்படி, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது எந்த வகையிலும் கூடுதல் பலன் தரவில்லை. ஆனால் ஒன்று: வலிப்புக்காகத் தரப்பட்ட மாத்திரையை இந்தக் கணக்கில் சேர்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அது தொடர்ந்து தேவையா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், கேட்டே தீரவும் வேண்டும்.

இனி உங்கள் கணவருக்கு வருகிறேன். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற ஒரு வாக்கியம் எத்தனை குடும்பங்களைக் குழப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் காட்டுவது இரத்தக்கசிவையும் வீக்கத்தையும் எலும்பு முறிவையும். வேகமாகச் சென்ற தலை சட்டென்று நிற்கும்போது மூளைக்குள் இழுபட்டு அறுந்துபோகும் நுண்ணிய நரம்பிழைகள் சாதாரண சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை. அதோடு, மண்டையோட்டின் உட்தரை வழவழப்பானது அல்ல. முன்பக்கம் மேடும் முகடுமாக இருக்கும். எனவே அடி எந்தப் பக்கம் பட்டாலும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி அந்த முகடுகளில் உராய்ந்து காயப்படுவது மிகவும் வழக்கம். அந்த முன்பகுதியின் வேலைகளை எளிமையாகச் சொன்னால் மூன்று: ஒரு செயலைத் தொடங்கி வைப்பது, எழும் உணர்ச்சியை அடக்கி நிறுத்துவது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் இந்த மூன்றுதான். தானாகச் செய்யாதது சோம்பல் அல்ல. கோபம் உங்கள்மீது உள்ள வெறுப்பு அல்ல. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது பொய்யும் அல்ல. தன் குறையை அறிய வேண்டிய பகுதியே அடிபட்டிருப்பதால் அவருக்கு உண்மையாகவே அது தெரியவில்லை.

நடிப்பு என்று சொல்லும் உறவினர்களுக்காக நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவர், பல் துலக்குவது எப்படி என்று கேட்டால் பற்பசை எடுப்பதிலிருந்து வாய் கொப்பளிப்பது வரை ஒன்றுவிடாமல் சொல்வார். அவரையே குழாயடியில் நிறுத்தினோம். இடது கையில் பிரஷ், வலது கையில் பற்பசை, குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம் அப்படியே நின்றார். ‘மூடியைத் திறங்க’ என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னதும், மீதியை அவரே தடையில்லாமல் செய்து முடித்தார். அவருக்குத் தெரியாமல் போனது எதுவுமில்லை, தொடங்கி வைப்பதற்குத்தான் ஆள் இல்லை. கால் மணி நேரம் குழாயடியில் நின்று நடிப்பதால் ஒருவருக்குக் கிடைக்கப்போவது என்ன?

ஆகவே வாதம் செய்து அவரை ஒப்புக்கொள்ள வைக்கும் முயற்சியை இன்றே கைவிடுங்கள். ‘உங்களுக்கு அடிபட்டிருக்கிறது, ஏன் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறீர்கள்’ என்று நூறு முறை சொன்னாலும் பயன் இராது; நூற்றொன்றாவது முறை தட்டு பறக்கும். மாறாக, வீட்டுக் கணக்கு ஒன்றைக் கூட்டிப் பார்க்கச் சொல்வது போன்ற சின்ன, ஆபத்தில்லாத வேலைகளில் அவரே முயன்று, எங்கே தடுக்குகிறது என்பதை அவரே காணட்டும். அப்போதும் ‘பார்த்தீர்களா’ என்று சொல்லிக் காட்டாமல், ‘இதைச் சேர்ந்தே முடிப்போம்’ என்று உடன் உட்காருங்கள். தன் குறையை அறிவது இப்படித்தான், அனுபவம் அனுபவமாகச் சேர்ந்து வரும்.

1848-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளரின் இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக ஓர் இரும்புக் கம்பி வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால் பண்பானவராக இருந்தவர் முரட்டுத்தனமாக மாறினார், அவர் பழைய கேஜே அல்ல என்று நண்பர்கள் சொன்னார்கள். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகின்றன. மீதிக் கதை உங்களுக்குத் தேவையானது: அவர் பின்னாளில் சிலி நாட்டுக்குச் சென்று, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் அதே விடியற்காலை, அதே குதிரைகள், அதே பாதை, அதே நேரம். சேதமடைந்த முன்பகுதி செய்ய வேண்டிய வேலையை அந்த மாறாத ஒழுங்கு வெளியிலிருந்து செய்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

உங்கள் வீட்டில் அந்த ஒழுங்கை நீங்கள் உண்டாக்கலாம். எழும் நேரம், குளிக்கும் நேரம், நடக்கும் நேரம், ஓய்வு நேரம் எல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். கைபேசியில் அலாரம் வையுங்கள்; நீங்கள் ஏவுவதைவிட அலாரம் ஏவுவதை அவர் எளிதில் ஏற்றுக்கொள்வார், கோபமும் பாதியாகும். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. அவரிடம் பேசும்போது தொலைக்காட்சி ஓடக் கூடாது. பார்க்க வருபவர்கள் ‘நான் யார் என்று தெரிகிறதா, சொல்லு பார்க்கலாம்’ என்று பரீட்சை வைப்பதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். நினைவு பலவீனமானவர் தவறான விடையைச் சொன்னால் அந்தத் தவறே மனத்தில் பதிந்துவிடக்கூடும். வருபவரே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதுதான் உதவி.

கோபத்துக்கு முன்னால் பெரும்பாலும் களைப்பு வரும். காயம்பட்ட மூளை சாதாரண உரையாடலிலேயே களைத்துவிடும். ஒரு வாரம் கோபம் வந்த நேரங்களை மட்டும் குறித்துவாருங்கள். பிற்பகலிலோ, விருந்தினர் கூட்டத்துக்குப் பிறகோ அவை குவிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்த நேரத்துக்கு முன்பே அவரை ஓய்வெடுக்க விடுங்கள். கோபம் கிளம்பிவிட்டால் விளக்கம் சொல்லாமல் பேச்சை மாற்றுங்கள், அல்லது அறையை விட்டு வெளியே வாருங்கள். கை நீட்டும் அளவுக்குப் போனால் உங்கள் பாதுகாப்புதான் முதலில். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லக் கூடாது. அவரை அடக்குவதற்காகத் தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இவ்வகை மருந்துகளில் சில, தேறிவரும் மூளையையே மந்தமாக்கிவிடும்.

இதுவரை சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை நீட்டித்தே சொல்கிறேன். நடத்தை மாற்றத்தையெல்லாம் காயத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தலைக்காயத்தில் முன்னேற்றம் மெதுவாக இருக்கலாம், சில மாதங்கள் நின்றும் போகலாம். பின்னோக்கிப் போகக் கூடாது. போன மாதம் தானாக நடந்தவர் இந்த மாதம் கால்களைத் தரையில் தேய்த்து நடக்கிறார், அடக்க முடிந்த சிறுநீரை அடக்க முடியவில்லை, மேலும் மந்தமாகிறார் என்றால், மூளை நீர் தேங்கியிருக்கலாம். சிறு குழாய் பொருத்தி அதை வடிக்க முடியும். தலைவலியும் தூக்கமும் நாளுக்கு நாள் கூடி, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், மூளை உறைக்கு அடியில் மெதுவாக இரத்தம் சேர்ந்திருக்கலாம்; வீட்டில் சின்னதாக ஒருமுறை விழுந்திருந்தாலும் இது வாரங்கள் கழித்துத் தெரியக்கூடும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் பதில் சொல்லாமல், உதட்டைச் சப்புகிறார் என்றால் அதுவும் வலிப்பின் ஒரு வகைதான். கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை. எந்த ஓய்வுக்கும் தீராத சோர்வும் எடை மாற்றமும் இல்லற நாட்டமின்மையும் சேர்ந்து இருந்தால், மூளையடியில் உள்ள, ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தால் ஈடுசெய்யலாம். இவை அனைத்தும் சிகிச்சை உள்ளவை. பழைய காயம்தானே என்று விட்டுவிடுவதால் பறிபோகும் நோயாளிகளைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. விழிக்க முடியாத தூக்கம், ஓயாத வாந்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வண்டிச் சாவியை இப்போதைக்குக் கொடுக்கவே கூடாது. கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மறுப்பதை நீங்கள் செய்யாமல், ‘மருத்துவர் எழுத்தில் அனுமதி தரட்டும்’ என்று எங்கள் தலையில் போடுங்கள். மதுவும் அப்படியே, ஒரு துளியும் வேண்டாம். வேலைக்குத் திரும்புவதைப் பற்றி ஆறு மாதம் முடிந்தபின் பேசலாம்.

இன்னொரு வகைத் தரகரைப் பற்றியும் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. விபத்து இழப்பீட்டை வாங்கித் தருகிறேன் என்று மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே அறிமுகமாகி, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர்கள் இவர்கள். எந்தத் தாளிலும் உங்கள் கணவரைத் தனியாகக் கையெழுத்திட விடாதீர்கள். தன் குறையே தெரியாதவரால் தன் இழப்பை எப்படி மதிப்பிட முடியும்? முடிவான தொகைக்கு இப்போதே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மிஞ்சப்போகும் குறை எவ்வளவு என்பது விபத்து நடந்து ஓராண்டு ஆகும் முன் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. உரிமைகோரக் காலவரம்பு இருக்கலாம் என்பதால் மனுவை மட்டும் நேரடியாக ஒரு வழக்கறிஞர் மூலம் நேரத்தில் போட்டுவிடுங்கள். கை கால் அசைகிறதா என்று பார்த்து ஊன விழுக்காடு எழுதும் முறையில் நினைவும் நிதானமும் இழந்தவருக்கு இடமே இல்லாமல் போகிறது. அதனால் நினைவையும் கவனத்தையும் நிதானத்தையும் சோதித்து அளக்கும் நரம்பு உளவியலாளரிடம் முழுப் பரிசோதனை செய்து எழுத்தில் வாங்குங்கள். உயிரைக் காப்பாற்ற அத்தனை இயந்திரங்களை வைத்திருக்கும் நாங்கள், வீட்டுக்கு அனுப்பும்போது ‘ஒரு மாதம் கழித்து வரவும்’ என்ற ஒரு வரியோடு குடும்பத்தை நடுத்தெருவில் விட்டுவிடுகிறோம். அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், நரம்பு உளவியலாளர் என்ற மூவரின் பெயர் அந்தச் சீட்டில் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், கிடைக்கும் வரை கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒன்றை எதிர்பார்த்தே போங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் உங்கள் கணவர் மிக நன்றாகப் பேசுவார். அறையில் கேள்வியை மருத்துவர் தொடங்கி வைக்கிறார், இவர் பதில் சொன்னால் போதும். வீட்டில் தடுமாறுவது எதுவும் அங்கே தெரியாது. நீங்கள் மிகைப்படுத்துவதாக மருத்துவரே நினைக்கக்கூடும். எனவே கடந்த இரண்டு வாரங்களில் நடந்தவற்றைத் தேதியோடு, ‘கோபப்பட்டார்’ என்று பொதுவாக எழுதாமல் எப்போது, எதற்கு, எவ்வளவு நேரம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அவர் உள்ளே வருவதற்கு முன்பே மருத்துவர் கையில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில், நீங்கள் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.