பொதுப் பட்டறை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

எங்கள் மேக்கர்ஸ்பேஸ் என்ற பொதுப் பட்டறையில் சில ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறேன். லேசர் கட்டர், த்ரீடி பிரிண்டர், லேத் (கடைசல் இயந்திரம்) எல்லாமே உறுப்பினர்களுக்குப் பொது. இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

அண்ணா, நான் பை தைத்து விற்கிறேன். ரெக்ஸினை லேசரில் வெட்டலாமா? பத்து நிமிட வேலைதான்.

வேண்டாம்மா. ரெக்ஸின் பெரும்பாலும் துணிமேல் பி.வி.சி. என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைப் பூசியது. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், ஈரக்காற்றில் அது அமிலமாகும். நெஞ்சை எரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரித்துவிடும். உங்கள் பத்து நிமிடத்துக்காக மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

எந்தப் பொருளில் சந்தேகம் வந்தாலும் எங்களிடம் ஒரு துண்டு கொடுங்கள். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டுவோம். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, லேசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பருத்திக் கான்வாஸ் என்றால் தாராளமாக வெட்டலாம். ரெக்ஸின்தான் வேண்டுமென்றால், அக்ரிலிக்கில் அளவுத்தகடு வெட்டித் தருகிறோம். அதை மேலே வைத்துக் கத்தியால் அறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பை தைத்தாலும் அளவு மாறாது.

சார், ஸ்கூட்டருக்கு நான் பிரிண்ட் செய்த போன் ஸ்டாண்டு வெயிலில் வளைந்துவிட்டது. டிசைன் தப்பா?

டிசைனில் தப்பில்லை தம்பி. த்ரீடி பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். வெயிலில் நிற்கும் வண்டியில் அந்தச் சூடு எளிதாக வரும். பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக்கைப் போட்டுப் பாருங்கள், அது 80 டிகிரியை நெருங்கும்போதுதான் இளகும்.

எனக்கு 48 வயது. சேலையில் வந்து லேத் கற்கலாமா?

வயது ஒரு தடையே இல்லை, அவசியம் வாருங்கள் அக்கா. ஆனால் லேத் முன்னால் சேலை, துப்பட்டா, தொங்கும் சடை, கையுறை எதுவும் கூடாது. வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் சக்கில் துணி நுனி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சுடிதார் பேன்ட், முழங்கைக்கு மேல் சுருட்டிய கை, இறுக்கிய கொண்டை, பாதுகாப்புக் கண்ணாடி போதும்.

நான் பழகிய நாட்களில் சக்கை இறுக்கும் சாவியை எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டேன். சாவி என் காதோரம் பறந்துபோய்க் கதவில் பள்ளம் விழுந்தது. அதனால் முதல் நாள் உங்களுக்கு ஒரே பாடம்தான்: சாவி சக்கில் இருக்கும்வரை கை அதை விடக்கூடாது.

ஃபேப் லேப் எல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்தானே?

கணினியால் இயங்கும் கருவிகளை எல்லோருக்கும் திறந்துவிடும் பட்டறைதான் ஃபேப் லேப். தொடக்கம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில். அங்கே பேராசிரியரான நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998இல் ஒரு வகுப்பு தொடங்கினார். ஏறக்குறைய எதையும் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. ஆனால் எம்.ஐ.டி.க்கு வெளியே வந்த முதல் லேப்களில் ஒன்று, மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமம் என்ற கல்வி மையத்தில் 2002இல் அமைந்தது. அந்த ஆசிரமத்தை டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983இலேயே நிறுவி, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலை மூலமாகப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

உங்கள் பட்டறைக்கு வந்தால் என் டிசைனை யாராவது எடுத்துக்கொள்வார்களா?

ஃபேப் லேப்களின் பொது விதிமுறையான சாசனப்படி உங்கள் டிசைனைக் காப்புரிமை செய்யலாம், விற்கலாம். மற்றவர்கள் பார்த்துக் கற்கவும் அது கிடைக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. காப்புரிமை எண்ணம் இருந்தால், யாருக்கும் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வழிகாட்டியே செய்து கொடுத்துவிடுவாரா?

மாட்டார். பக்கத்தில் நிற்பார். முதல் துண்டு வீணாகும், அதற்காகவே பழைய அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம்.