பியசோ மைக்கில் பேஸ் வராதது பற்றி

பியசோ வட்டை (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் மெல்லிய தகடு) வைத்து இரும்புப் படிக்கட்டைப் பதிவு செய்தால் பேஸே, அதாவது அடித்தொனியே, வரவில்லை, வட்டு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. அதை நேராக ரெக்கார்டரின் மைக் துளையில் செருகியிருக்கிறீர்கள், அதனால்தான் இரும்புப் படிக்கட்டின் அதிர்வு அடித்தொனியே இல்லாமல் தகரச் சத்தமாகப் பதிவாகிறது.

பியசோ வட்டு மின்சுற்றில் ஒரு சின்ன கெப்பாசிட்டராகத்தான் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு) நடந்துகொள்ளும். பெரும்பாலும் 20 நானோஃபாரட் அளவில் இருக்கும். மைக் உள்ளீட்டின் மின்மறுப்பு, அதாவது சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு, சில ஆயிரம் ஓம்தான். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஹை பாஸ் ஃபில்டர், அதாவது மேல்தொனியை விட்டு அடித்தொனியை வெட்டும் வடிகட்டி. உள்ளீடு 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய ஆரம்பித்துவிடும். அதுவே 1 மெகா ஓம் என்றால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஈக்வலைசரில் பேஸைக் கூட்டிப் பார்த்தேன் என்கிறீர்கள். அதில் இரைச்சல்தான் கூடும்.

கல்லூரி ஸ்டுடியோவின் ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) கிட்டார் செருகும் உள்ளீடு இருக்கும். அதன் மின்மறுப்பு மைக் உள்ளீட்டைவிட மிக அதிகம். அதே வட்டை அதில் செருகி, அதே படியைத் தட்டிப் பாருங்கள். அடித்தொனி திரும்பினால் காரணம் உறுதி. அப்புறம், வெளியே எடுத்துப்போக பியசோவுக்கான ஒரு பிரீஆம்ப் (வட்டுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் வைக்கும், மின்மறுப்பு அதிகமுள்ள சிறு பெருக்கி) போதும்.

ஒன்று: வட்டையே பலமாகத் தட்டாதீர்கள். சில சமயம் பல வோல்ட் பாய்ந்து உள்ளீட்டைக் கெடுத்துவிடும். வட்டைத் தொட்டால் கேட்கும் 'உம்ம்' என்ற இரைச்சல் வேறு சங்கதி, அதற்கு வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உறை போட்ட ஷீல்டு கம்பி வேண்டும்.