மைனர் தாத்தா – கடிதம்

அன்புள்ள சார்,

ராணுவ மினியேச்சர்கள், அதாவது சின்னச் சிப்பாய்ப் பொம்மைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. பத்து வயதில் சிங்கப்பூர் மாமா ஒரு பெட்டி ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக் சிப்பாய்கள் வாங்கிவந்தார். இப்போது நானூறுக்கு மேல் இருக்கின்றன, எல்லாம் 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு.

என் அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப்போரில் இருந்தவர். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இன்றும் எங்கள் வீட்டுக்குப் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் பெயர். பர்மா சண்டைக்குப் போனார் என்பார்கள். அவராக எதுவும் பேசியதில்லை. பெங்களூரில் பயிற்சி எடுத்ததாகவும், பட்டாளத்தில் தான் ஒரு ‘மைனர்’ என்றும் சொல்வார். பாட்டி உட்பட எல்லோரும் சிரிப்போம். ரொம்பக் கண்டிப்பு. ஏரிக்கரையில் நடக்கும்போது எங்களை முன்னால் ஓட விடமாட்டார். “நான் கால் வெச்ச எடத்துல கால் வை” என்பார். 1991-ல் இறந்தார்.

மெடல்களை அத்தை பித்தளைச் சாமான்களோடு பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு சொம்பு வாங்கிவிட்டார். மிச்சம் இருப்பது சட்டையில் குத்தும் ரிப்பன் பட்டை மட்டும். ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது. அதில் மூன்று துண்டுகள்: கருநீலம்-சிவப்பு-வெளிர்நீலம், மணல் நிறத்தில் நடுவே சிவப்பு, இரு பக்கமும் மெல்லிய நீலக் கோடுகள், சிவப்பு-வெள்ளை-பச்சை-வெள்ளை-சிவப்பு.

பர்மா காட்டில் தாத்தா பிரென் இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதுபோல ஒரு டயோரமா, பொம்மைகளை வைத்து ஒரு காட்சி, செய்ய ஆசை. யூனிஃபார்முக்கு என்ன பச்சை அடிப்பது? அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. “சண்டையில செத்தவங்களை வெச்சு பொம்மை விளையாட்டா?” என்கிறார்.

கோ.

*

அன்புள்ள கோ.,

முதலில் அத்தையைத் திட்டுவதை நிறுத்துங்கள். அந்த நட்சத்திர மெடல்கள் செம்பும் துத்தநாகமும் கலந்து செய்தவை. பாத்திரக்காரர் சரியான விலைதான் போட்டிருப்பார்.

உங்களிடம் மிஞ்சிய துணிதான் முக்கியமானது. முதல் துண்டு 1939–45 நட்சத்திரத்துடையது. கருநீலம் கடற்படைக்கு, சிவப்பு தரைப்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. மணல் நிறம் ஆப்பிரிக்கா நட்சத்திரம். அது சகாரா மணல். மூன்றாவது இத்தாலி நட்சத்திரம், அந்த நாட்டுக் கொடியின் நிறங்களே. 1943 ஜூன் 11-க்கும் 1945 மே 8-க்கும் இடையில் அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பர்மா நட்சத்திரத்தின் ரிப்பன் வேறு: கருநீலம், நடுவில் பட்டையாகச் சிவப்பு, இருபுறமும் ஆரஞ்சுக் கோடு. கிழிந்த ஓரத்தில் அதுவும் இருந்திருக்கலாம் என்று வாதாடாதீர்கள். இந்த நட்சத்திரங்களை வரிசையாகக் குத்துவதில் பர்மாவுக்கு இடம் இத்தாலிக்கு முன்னால். ஆப்பிரிக்காவுக்கு அடுத்து நேராக இத்தாலி வருகிறது என்றால் நடுவில் எதுவும் இல்லை.

ஆக, உங்கள் பர்மா தாத்தா பர்மாவுக்குப் போகவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊர்களில் அந்தத் தலைமுறைக்கு உலகப்போர் என்றாலே பர்மாதான். ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இத்தாலி என்று அவர் சொல்லியிருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும்?

இப்போது அந்த ‘மைனர்’. கழுத்தில் செயின் போட்ட மைனர் இல்லை அது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படையின் அன்றைய பெயர் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780 முதல் இருக்கும் பொறியியல் படை. சாலை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இதெல்லாம் அவர்கள் வேலை. மற்ற படைகள் அவர்களைத் ‘தம்பி’ என்றே கூப்பிட்டன. ‘போர்க்குணம் உள்ள சாதிகள்’ என்ற வெள்ளைக்காரக் கிறுக்கால் முதல் உலகப்போருக்குப் பிறகு மதராஸ் காலாட்படையைக் கலைத்துவிட்டார்கள். சாப்பர்களில் மட்டும் கை வைக்கவில்லை. பாலம் கட்ட ஆள் வேண்டுமே. (லண்டன் பிரிட்டன்ஸ் கம்பெனி 54 மி.மீ. ஈயப் பொம்மைகளில் மதராஸ் காலாட்படையை ஒரு பெட்டியாகவே விற்றது. வைத்திருப்பவர்கள் இப்போது சொல்லும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.) உங்கள் தாத்தா தன் படையை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். பாட்டிக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது, பாவம்.

அப்புறம் பிரென் துப்பாக்கி. உங்கள் அப்பா சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கடையில் வரும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஒருவன் மண்டியிட்டுச் சுடுகிறான், ஒருவன் படுத்துச் சுடுகிறான், ஒருவன் குண்டெறிகிறான். மண் வெட்டுகிறவன் இல்லை, சமைக்கிறவன் இல்லை, கம்பி சுமக்கிறவன் இல்லை. இருபத்தைந்து லட்சம் பேர் இருந்த இந்தியப் படையில் எத்தனையோ பேரின் நாள் எப்படிப் போயிற்று என்று அந்தப் பெட்டி சொல்லாது. உங்கள் தாத்தாவும் தேவைப்பட்டபோது துப்பாக்கி பிடித்திருப்பார், சாப்பர்களும் சிப்பாய்கள்தான். ஆனால் அவருடைய போர் பெரும்பாலும் இரும்பும் சேறும்.

பெய்லி பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குக் கட்டும் பாலம். அதன் ஒரு சட்டம் 10 அடி நீளம், ஏறக்குறைய 5 அடி உயரம், 570 பவுண்டு. கிரேன் கிடையாது. கழிகளைச் செருகி ஆறு பேர் தூக்குவார்கள். தலைக்கு 43 கிலோ, சிமெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. சட்டத்தோடு சட்டத்தைச் சேர்த்து ஆணி இறக்கி, முழுப் பாலத்தையும் இந்தக் கரையிலேயே கட்டி, உருளைகள் மேல் வைத்து அக்கரைக்குத் தள்ள வேண்டும். பெரும்பாலும் இருட்டில், விளக்கில்லாமல். ஜெர்மானியர்கள் பின்வாங்கும்போது பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனார்கள். இத்தாலியிலோ மலைக்கு மலை ஓர் ஆறு.

1/72-ல் அந்தச் சட்டம் 4.2 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் குச்சியில் நீங்களே செய்துவிடலாம். தூக்குகிற ஆட்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: மருத்துவப் பிரிவுப் பெட்டிகளில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் வருவார்கள். கை கீழே இறங்கி, தோள் சரிந்து, அதே நிலை. ஸ்ட்ரெச்சரை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த மெத்துப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பிறகு அடிப்பூச்சாகப் பிரைமர் அடியுங்கள். நான் அவசரப்பட்டு ஒரு பெட்டி முழுக்க உரித்திருக்கிறேன், கோடையில் மாம்பழத் தோல் மாதிரி வந்தது.

பச்சை வேண்டாம். அது பர்மாவுக்கு. இத்தாலியில் குளிர்காலத்துக்குத் தடித்த கம்பளி உடுப்பு, காக்கியில் பழுப்பு ஏறிய நிறம், தலையில் தட்டையான இரும்புத் தொப்பி. முகத்துக்கு ஹம்ப்ரால் 61 என்ற பெயிண்டைத் தொடாதீர்கள். டப்பாவில் ‘ஃப்ளெஷ்’ என்று போட்டிருக்கும், திறந்தால் ரோஜா நிறம். எந்த ஊர்ச் சதை அது? சாக்லேட் பழுப்பில் கொஞ்சம் செங்கல் நிறம் கலந்து அடியுங்கள், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மட்டும் ஒரு தொடுகை வெளிறல். உள்ளூர் வெயில் வந்துவிடும்.

தோளில் டிவிஷன் சின்னம் இப்போதைக்குத் தீட்ட வேண்டாம். நான்காவது இந்திய டிவிஷனின் சிவப்புக் கழுகு பார்க்க அழகுதான், ஆனால் அவர் எந்தக் கம்பெனி என்று தெரியட்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள், அதில் படை எண் இருக்கும். அந்த எண்ணோடு, பேரன் என்று சொல்லி, பெங்களூரில் அந்தப் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். இன்று அதன் பெயர் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்.

கடைசியாக ஏரிக்கரை. அதை நீங்கள் கண்டிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் கசீனோ நகருக்குத் தெற்கே மின்யானோ என்ற ஊர். மதராஸ் சாப்பர்களின் சுபேதார் சுப்பிரமணியன் தன் ஆட்களோடு கண்ணிவெடி தேடிப் பாதை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் ஒருவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன் மேல் போய் விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள்.

அந்த வேலையின் முறை இது: முன்னால் ஒருவர் உலோகம் கண்டால் ஒலிக்கும் டிடெக்டரைத் தரையை ஒட்டி வீசிக்கொண்டே போவார். ஜெர்மானியர்களிடம் மரப்பெட்டி வெடிகள் இருந்தன, டிடெக்டருக்கு அவை கேட்காது. அதனால் சந்தேகப்பட்ட இடத்தில் குப்புறப் படுத்து, துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் கத்தியைச் சாய்த்து, அங்குலம் அங்குலமாக மண்ணைக் குத்திப் பார்க்க வேண்டும். ஒதுக்கிய பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிறவன் முன்னால் போனவன் கால் வைத்த இடத்தில் கால் வைப்பான்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவரும் சின்ன வயதில் அந்தக் கரையில் தாத்தாவுக்குப் பின்னால் நடந்திருப்பார் இல்லையா?

எதைச் செய்வது என்பது உங்கள் விருப்பம். பாலம் என்றால் ஆறு பேர் வேண்டும், மாதக்கணக்கில் வேலை. நாடா என்றால் இரண்டு பேர் போதும், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நாடாவுக்கு நூல் சரிவராது, மொசமொசவென்று தெரியும். சிகரெட் பெட்டியின் உள்தாளை அரை மில்லிமீட்டருக்குச் சற்று அகலமாக நறுக்கி, நீர்த்த பசையில் தோய்த்து ஒட்டுங்கள், மேடுபள்ளத்தில் தானாகப் படியும்.

முடிந்ததும் படம் அனுப்புங்கள். அத்தையிடம் அந்தச் சொம்பு இன்னும் இருந்தால் அதையும் ஒரு படம்.