என் கிராபிக்ஸ் கார்டு விஎம்முக்குள் எங்கே போனது?

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விஎம்மை, ஓட்டும் மென்பொருள்) உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். 3டி ஆக்சிலரேஷனில் டிக் போட்டும், ஒரு விண்டோவை இழுத்தால் திக்கித் திணறி நகர்கிறது. 8 ஜிபி ராம் கொடுத்தும் ஏன் இப்படி?

ராமை விடுங்கள். படம் வரைவது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். உபுண்டுவுக்குள் மெசா-யூட்டில்ஸ் பேக்கேஜைப் போட்டு, டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். கொட்டுகிற வரிகளில் 'ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்' என்று தொடங்குவதைத் தேடுங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா நிற்கிறது. ப்ராசஸரே புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருக்கிறது. எஸ்விஜிஏ3டி என்று இருந்தால் ஆக்சிலரேஷன் வேலை செய்கிறது.

எல்எல்விஎம்பைப் வந்தால், விஎம்மை அணைத்துவிட்டு டிஸ்ப்ளே செட்டிங்குக்குப் போங்கள். கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்க வேண்டும். வீடியோ மெமரியையும் 128 எம்பிக்கு ஏற்றிவிடுங்கள். கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம், லினக்ஸ் என்றால் அதற்கு வேண்டிய டிரைவர் கர்னலோடேயே வருகிறது. கெஸ்ட் விண்டோஸ் என்றால் விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போடாமல் 3டி கிடைக்காது.

எஸ்விஜிஏ3டி வந்தும் திணறுகிறதா? உங்கள் ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்கும் நிஜக் கணினியின் சிஸ்டம்) விண்டோஸ் என்றால், விஎம் விண்டோவின் கீழ்ப்பட்டையில் வலது ஓரமாக ஒரு குட்டி ஆமை படம் இருக்கிறதா பாருங்கள். அலங்காரத்துக்கு வைத்ததில்லை அது. ப்ராசஸரின் மெய்நிகர் வசதியை விண்டோஸின் சொந்த விஎம் ஏற்பாடான ஹைப்பர்-வி முன்னாலேயே பிடித்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறி மெதுவாக ஓடுகிறது என்று பொருள். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டிருந்தாலோ, விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கினாலோ இப்படி ஆகும். அணைத்தால் வேகம் திரும்பும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் ஒரு பாதுகாப்பும் போகும். அலுவலக லேப்டாப்பில் அதைத் தொடாதீர்கள்.

6 ஜிபி என்விடியா கார்டு வைத்திருக்கிறேன். விஎம்வேர் விஎம்முக்குள் டிவைஸ் மேனேஜரில் 'விஎம்வேர் எஸ்விஜிஏ 3டி' என்றுதான் காட்டுகிறது. என் கார்டு எங்கே?

கார்டு ஹோஸ்ட்டிடமே இருக்கிறது. கெஸ்ட் பார்ப்பது ஒரு பொய்க் கார்டை. அதற்கு வருகிற வரைகலைக் கட்டளைகளை விஎம்வேர் வாங்கி, மொழிபெயர்த்து, ஹோஸ்ட்டில் ஓடும் ஒரு சாதாரண புரோகிராமைப் போல உங்கள் நிஜக் கார்டிடம் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்த சொற்கள் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். 2020-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 16, டைரக்ட்எக்ஸ் (விண்டோஸ் மென்பொருள்கள் கார்டிடம் பேசும் மொழி) 11 வரை கற்றுக்கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதே படியை எட்டியது 2022-இல், 7.0 பதிப்பில். டைரக்ட்எக்ஸ் 12 கேட்கும் மென்பொருளை இவற்றுக்குள் ஓட்ட நினைக்க வேண்டாம்.

லேப்டாப்பில் இன்னொரு விஷயம். இரண்டு கார்டு இருந்தால் அந்த ஹோஸ்ட் புரோகிராம் இன்டெல் கார்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸின் கிராபிக்ஸ் செட்டிங்கில் விஎம் மென்பொருளைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். இரண்டு நிமிட வேலை, சில சமயம் இது ஒன்றே போதும்.

சரி, அதே விஎம்மில் குடா ஓடுமா? கல்லூரி புராஜெக்ட்டுக்கு பைடார்ச் வேண்டும்.

ஓடாது. குடா என்பது என்விடியா கார்டில் கணக்குகளை ஓட்டும் ஏற்பாடு. அதற்கு என்விடியா டிரைவர் வேண்டும், பொய்க் கார்டில் அந்த டிரைவர் உட்காராது. விண்டோஸ்தான் ஹோஸ்ட் என்றால் டபிள்யூஎஸ்எல்2-க்கு மாறிவிடுங்கள். அதுவும் உள்ளுக்குள் ஒரு விஎம்தான், ஆனால் கார்டை ஹோஸ்ட்டோடு பங்குபோடும் வழி அதிலேயே கட்டப்பட்டிருக்கிறது. என்விடியா டிரைவரை விண்டோஸில் மட்டும் போடுங்கள். பழக்கதோஷத்தில் உபுண்டுவுக்குள்ளும் ஒரு லினக்ஸ் டிரைவரை ஏற்றினால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும்.

கார்டையே விஎம்மிடம் முழுசாக ஒப்படைக்க முடியும் என்கிறார்களே?

முடியும், பாஸ்த்ரூ என்பார்கள். லினக்ஸ் ஹோஸ்ட், அதில் விஎம் ஓட்டும் கேவிஎம், கார்டை ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ என்பது வழக்கமான கூட்டணி. இதில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. கெஸ்ட்டில் அசல் டிரைவரே ஏறும், வேகமும் ஏறக்குறைய அசல்தான். அதனால்தான் ஆளாளுக்கு ஆசைப்படுகிறார்கள்.

மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும். சாதனத்தை விஎம்மிடம் பிரித்துக் கொடுக்கும் வசதி, இன்டெல்லுக்கு விடி-டி, ஏஎம்டிக்கு ஐஓஎம்எம்யூ என்ற பெயரில், பயாஸில் இயங்க வேண்டும். அப்புறம் ஐஓஎம்எம்யூ குழுக்கள். ஒரு குழுவில் இருக்கும் சாதனங்கள் ஒன்றாகத்தான் போக வேண்டும். கார்டின் எச்டிஎம்ஐ ஒலிப் பகுதி கூடவே போவது இயல்பு. ஆனால் அதே குழுவில் உங்கள் சாட்டா கன்ட்ரோலரும் இருந்தால், கார்டைக் கொடுக்கப் போய் ஹோஸ்ட்டின் டிஸ்க்கையும் கொடுத்த கதையாகிவிடும். போர்டு வாங்குவதற்கு முன்பே அதன் குழுப் பிரிவை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிவிடுவது நல்லது.

கார்டு கெஸ்ட்டிடம் போனபின் ஹோஸ்ட்டுக்கு அது இல்லை. ஆக ஹோஸ்ட்டுக்கென்று ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸாவது வேண்டும். மானிட்டர் கேபிளையும் ஒப்படைத்த கார்டில் செருக வேண்டும். கெஸ்ட்டில் கார்டை நிறுத்திவிடும் 'கோட் 43' பிழை வருகிறது என்று பழைய கட்டுரைகள் பக்கம் பக்கமாக வைத்தியம் சொல்லும். ஜீஃபோர்ஸ் கார்டுகளுக்கு 2021-இல் என்விடியாவே அனுமதி திறந்துவிட்டதால் அதில் பெரும்பகுதி இப்போது தேவையில்லை. லேப்டாப்பில் செய்யலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான்.

விர்ட்-மேனேஜரில் (கேவிஎம் விஎம்களை நடத்தும் மென்பொருள்) 3டி டிக் போட்டதும் விஎம் தொடங்கவே மாட்டேன் என்கிறது.

வீடியோ மாடல் விர்ட்ஐஓ என்று இருக்கட்டும். விஎம்மின் திரையைக் காட்டும் ஸ்பைஸ் டிஸ்ப்ளேயில் லிசன் டைப்பை 'நன்' ஆக்கி, ஓப்பன்ஜிஎல்லையும் டிக் செய்யுங்கள். இந்த வகை 3டி அதே கணினியின் திரையில் மட்டும்தான் வரும், நெட்வொர்க் வழியாகப் பார்க்கக் கதவு திறந்திருந்தால் கிளம்பாது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவின் ரெண்டரர் வரியில் விர்ஜிஎல் என்று வந்தால் வேலை முடிந்தது. கெஸ்ட் லினக்ஸாக இருக்க வேண்டும்; விண்டோஸ் கெஸ்ட்டுக்கு இதனால் பயனில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது, யூடியூப் மட்டும் விஎம்முக்குள் திக்குகிறது.

3டி வரைவது வேறு, வீடியோவை விரிப்பது வேறு. கார்டில் வீடியோவுக்கென்று இருக்கும் தனிப் பகுதி பெரும்பாலான விஎம்களுக்குள் எட்டாது, அதனால் ப்ராசஸர்தான் அதைச் சுமக்கிறது. வீடியோ தரத்தை 720-க்கு இறக்குங்கள். இல்லையென்றால் பாட்டை ஹோஸ்ட்டிலேயே கேளுங்கள்.