தானியத்தின் மஞ்சளை அளக்க இத்தனை கரைப்பான் எதற்கு? – கேள்வி பதில்

தானியங்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் நிறமிகளான கரோட்டினாய்டுகளின் அளவைக் கண்டறிவதில் சூழலைக் கெடுக்காத வழிகள் குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, டியூரம் கோதுமை (பாஸ்தா செய்யும் கடினக் கோதுமை) ரவைக்கு, நீர் கலந்த பியூட்டனாலில் நிறமியைக் கரைத்தெடுக்கும் 'நீர் நிறைவுற்ற பியூட்டனால்' முறையையே இன்னும் பின்பற்றுகிறோம். நெடி தாங்க முடியவில்லை. வேறு எந்தக் கரைப்பானுக்கு மாறலாம்?

கரைப்பானை மாற்றும் முன் அதன் அளவைச் சுருக்குங்கள். பழைய முறையில் 8 கிராம் ரவைக்கு 40 மில்லி ஊற்றி, இரவெல்லாம் ஊறவிட்டு, 436 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்க்கிறோம். அதே விகிதத்தில் அரை கிராமுக்கு இரண்டரை மில்லி போதும். நூறு மாதிரிகளுக்கு 4 லிட்டர் செலவான இடத்தில் கால் லிட்டரோடு வேலை முடியும். இறுக மூடிய குழாயில் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்ததை ஒரு மில்லி கொள்ளும் சிறிய குவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கண்ணாடிக் கலத்தில்) அளக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது அரைப்பு. அரை கிராம் மாவு ஒரு மூட்டையின் சார்பில் பேச வேண்டும். ஆகவே கைப்பிடி தானியமாவது எடுத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்வரை அரைத்து, நன்றாகக் கலந்த பிறகே நிறுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராது. மறுபடி செய்யும்போது மிச்சப்படுத்திய கரைப்பானெல்லாம் போய்விடும்.

எத்தில் லாக்டேட் போன்ற 'பசுமைக் கரைப்பான்கள்' எப்படி?

எத்தில் லாக்டேட்டின் கொதிநிலை 154 டிகிரி. சாற்றை வற்றவைத்துச் செறிவூட்ட வேண்டுமென்றால், அந்த வெப்பத்துக்கு பீட்டா கரோட்டின் சிதையும். 2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃப்யூரானை மக்காச்சோளக் கதிர்க்கட்டையிலிருந்தே தயாரிக்கலாம், பிரித்தெடுக்கும் திறனும் நன்று. ஆனால் திறந்து வைத்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும். என் தேர்வு எத்தனால். பீட்டா கரோட்டின் அதில் குறைவாகவே கரையும் என்பதால், வெதுவெதுப்பாக்கி, சக்கை வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும். ஹெக்ஸேனை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது நரம்புகளைப் பாதிக்கும். காய்ந்த மாவுக்குள் சரியாக ஊடுருவுவதும் இல்லை. சிறிது நீர் சேர்ந்து மாவு உப்பினால்தான் நிறமி வெளியே வரும்.

மக்காச்சோளத்தில் ஆரஞ்சு நிறம் கூடினால் வைட்டமின் ஏ கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்த நிறத்தில் பெரும்பங்கு லூட்டின், ஸியாஸாந்தின் ஆகியவற்றுக்கு உரியது; இரண்டுமே வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'பூசா விவேக் க்யூ.பி.எம். 9 மேம்பட்டது' மக்காச்சோள ரகத்தில் முன்வைட்டமின் ஏ (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினாய்டுகள்) கிலோவுக்கு 8.15 மில்லிகிராம். இத்தகைய ரகத்தைச் சாதாரண மஞ்சள் சோளத்திலிருந்து பிரித்தறிய, ஒவ்வொரு நிறமியையும் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி தேவை. ஆனால் ஆயிரக்கணக்கான விதைகளையும் அதில் ஏற்ற வேண்டியதில்லை. மாதிரியின் மேல் ஒளி பாய்ச்சி அளக்கும் அண்மை அகச்சிவப்புக் கருவியில் கரைப்பானே இல்லாமல் முதல் சலிப்பைச் செய்து, தேறியவற்றை மட்டும் எச்.பி.எல்.சி.க்கு அனுப்புங்கள். அந்தக் கருவிக்கான அளவுத்திருத்தத்தை உங்கள் ரகங்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வேறு ஊர் மாதிரிகளை வைத்து உருவாக்கிய சமன்பாடு உங்கள் சோளத்துக்குப் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். மஞ்சள் கரு வெளுத்துப்போகிறது. தீவன மக்காச்சோளத்தைப் பரிசோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டுமா?

வேண்டாம். கருவுக்கு நிறம் தருவது மேலே சொன்ன லூட்டினும் ஸியாஸாந்தினும்தான். ஆகவே மொத்த நிறமியை அளந்தாலே உங்களுக்குப் போதும். சோளத்தை முழுமணியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாவாக்கி, நிறமானியில் (நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவி) மஞ்சள் அளவை எடுத்து, லோடுக்கு லோடு ஒப்பிடுங்கள். வாங்கிய தேதியையும் எழுதி வையுங்கள். சேமிப்பில், அதிலும் வெப்பத்தில், நிறமி தொடர்ந்து குறையும். பழைய சோளம்தான் காரணமாக இருக்கக்கூடும்.

மீஉய்நிலை கார்பன் டை ஆக்சைடை (உயர் அழுத்தத்தில் வாயுவும் திரவமும் போல நடந்துகொள்ளும் நிலை) கரைப்பானாகப் பயன்படுத்தலாமா?

அளவிடும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உயர் அழுத்தக் கருவி, மின்செலவு, அதன் பிறகும் லூட்டினை எடுக்க எத்தனால் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் முறை பசுமையானது என்று ஆய்வேட்டில் எழுத என்ன ஆதாரம் காட்டலாம்?

2020இல் வந்த 'அக்ரீ' மதிப்பீடு, பசுமைப் பகுப்பாய்வின் 12 கோட்பாடுகளை வைத்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. அதைக் கொடுங்கள். கூடவே, தெரிந்த அளவு லூட்டினை மாவில் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்ற விழுக்காட்டையும் காட்டுங்கள். நான் தேர்வாளராக இருந்தால் முதலில் அதைத்தான் தேடுவேன். வேலை முழுவதும் மங்கிய வெளிச்சத்தில், பழுப்புக் குழாய்களில் நடந்ததா என்றும் கேட்பேன்.

மீந்த எத்தனாலை ஸிங்கில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள், அது தீப்பற்றும். தனிக் கேனில் சேர்த்து வடித்தெடுங்கள். பகுப்பாய்வுக்கு ஆகாவிட்டாலும் கண்ணாடிக் கருவிகளின் முதல் அலசலுக்கு நன்றாகப் பயன்படும்.