இசை மேதை மோட்சார்ட்டும் அவருடைய அக்காவும் வரும் நாவலில் உள்ள மாய ராஜ்ஜியம் முழுக்கக் கற்பனைதானா?

இல்லை, அதற்கு உண்மையான அடிப்படை உண்டு. 1763 முதல் 1766 வரை மோட்சார்ட் குடும்பம் குதிரை வண்டியிலேயே ஐரோப்பாவைச் சுற்றியது. புறப்படும்போது வுல்ஃப்காங்குக்கு (அதுதான் மோட்சார்ட்டின் முதற்பெயர்) 7 வயது, அக்கா நானெர்லுக்கு 11. வண்டியில் பொழுது போக, பையன் 'ரூக்கன்' என்று ஒரு ராஜ்ஜியத்தை உருவாக்கினான். ராஜா அவன்தான், குடிமக்கள் எல்லாம் குழந்தைகள். ஊர்ப் பெயர்களை அவன் சொல்லச் சொல்ல, கூட வந்த வேலைக்காரர் வரைபடமே போட்டுக் கொடுத்தாராம். தம்பி இறந்த பிறகு நானெர்லே இதையெல்லாம் எழுதி வைத்தார். அந்த நாட்டில் நடக்கும் மாயமந்திரம் மட்டும் நாவலாசிரியரின் கைவண்ணம்.

என்னைக் கேட்டால், மந்திரத்தைவிட நிஜம்தான் சுவாரசியம். 1764இல் லண்டனில் அப்பா நோயில் படுத்திருந்தார். பியானோவைத் தொடக்கூடாது என்று பையனுக்கு உத்தரவு. சும்மா இருப்பானா? பல வாத்தியங்கள் சேர்ந்து இசைக்கும் சிம்பொனி ஒன்றை எழுத உட்கார்ந்துவிட்டான். பக்கத்திலிருந்து பிரதி எடுத்தது அக்கா. "ஹார்னுக்கு நல்லதா ஏதாவது கொடுக்கணும், ஞாபகப்படுத்து" என்று அக்காவிடம் சொன்னானாம். ஹார்ன் என்பது ஊதி வாசிக்கும் ஒரு வாத்தியம்.

நானெர்லும் லேசுப்பட்டவர் அல்ல. பியானோ போன்ற கீபோர்டு வாத்தியங்களின் வாசிப்பில் அந்நாளில் ஊரெல்லாம் புகழ் பெற்றவர். ஆனால் 1769இல் இத்தாலிக்கு அப்பாவும் தம்பியும் மட்டுமே கிளம்பினார்கள். அப்போது அவருக்கு 18 வயது. கல்யாண வயதுப் பெண் மேடையேறுவதை அந்தச் சமூகம் ஏற்கவில்லை. அவரும் பாட்டு எழுதியிருக்கிறார், அதைத் தம்பி 1770இல் கடிதத்தில் வியந்து பாராட்டியிருக்கிறார். அந்தப் பாட்டு இன்று கிடைக்கவில்லை. நாவலாசிரியர்கள் புகுந்து விளையாடுவது இந்த இடைவெளியில்தான்.