கொட்டிய தேனீ செத்துப்போகுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. கொட்டினால் அந்தத் தேனீயே செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். மனிதரைக் கொட்டும் வேலைக்காரத் தேனீ பிழைப்பது அரிது. காரணம் கொடுக்கின் அமைப்பு. ஓர் உறை, அதற்குள் மாறி மாறி முன்னேறும் இரண்டு ஈட்டிகள், அவற்றின் ஓரத்தில் தூண்டில் முள்போலப் பின்னோக்கிய முட்கள். நம் தோலில் இறங்கினால் திரும்பி வராது. தேனீ பறக்க எத்தனித்ததும் நச்சுப்பை, தசை, நரம்பு முடிச்சு எல்லாம் வயிற்றிலிருந்து பிய்ந்து வந்துவிடும்.

கானாடுகாத்தானில் ஒரு படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் வீட்டுச் சடங்கு) வந்திருந்த ஆச்சியின் புறங்கையில் இதைக் கிட்டத்தில் பார்த்தேன். தேனீ போய்விட்டது; அந்தச் சின்ன வெள்ளைப் பை மட்டும் தனியே துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருந்தது. "கையை ஆட்டாதீங்க ஆச்சி" என்று நகத்தால் சுரண்டி எறிந்தேன். எதால் எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், சட்டென எடுப்பதுதான் முக்கியம். கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாடை கிளம்பும், அது மற்ற தேனீக்களுக்கு அழைப்பு. அதனால் உடனே அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும்.

முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியது. ஆகவே ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. ராணிக்கு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் போட்டி ராணியைத்தான் கொட்டும்.

அப்புறம் கொட்டும் வேலைக்காரத் தேனீயின் ஆயுள். பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீயில் முட்டை 3 நாளில் பொரியும். புழு, கூட்டுப்புழு நிலைகளைத் தாண்டி வேலைக்காரி 21ஆம் நாள் அறையைத் திறந்து வெளியே வரும். ராணிக்கு 16 நாள், ஆணுக்கு 24. பூக்காலத்தில் வேலைக்காரியின் வாழ்வு சுமார் ஆறு வாரம்தான். முதலில் அறை சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது. பிறகு வாசல் காவல். கடைசியாகத்தான் பூவுக்குப் போவது. ஆகவே கூட்டைக் காக்க நம்மேல் பாய்வது பெரும்பாலும் வயதேறிய தேனீதான். ஆயுளின் கடைசிப் பகுதியில் இருப்பதுதான் அந்த வேலைக்கு வருகிறது. எனக்கு இது பெரிய வியப்பு.

உங்கள் வீட்டுக் கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள். பூ வற்றினால் மலைத்தேனீ தானே இடம்பெயரும். அதுவரை முகப்பு விளக்கை இரவில் அணைத்து வையுங்கள், வெளிச்சத்துக்கு அவை கிளம்பி வரும். கீழே வெடி, புகை வேண்டாம். யாருக்காவது பல இடங்களில் கொட்டினாலோ, மூச்சு திணறினாலோ, முகம் வீங்கினாலோ கைவைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.